பேனிக்: ஆட்டுக்கால் தெய்வத்தின் சொல்

‘பேனிக் ஆகாதீங்க’ என்று டாக்டர் சொல்லும்போது, தன்னை அறியாமலே ஒரு கிரேக்க மலைத்தெய்வத்தின் பெயரைச் சொல்லிவிடுகிறார். அந்தத் தெய்வம் பான். தென் கிரேக்கத்தில், பெலொப்பொனீசின் நடுவே, மலையும் மேய்ச்சலுமாக இருக்கும் அர்க்காடியாதான் அவன் ஊர். தலையில் கொம்பு, இடுப்புக்குக் கீழே ஆட்டின் கால்கள், கையில் நாணல் குழல்.

‘பான்’ என்றால் கிரேக்கத்தில் ‘எல்லாம்’ என்றும் பொருள் உண்டு. அதை வைத்துப் பெயர்க்காரணம் சொன்னது பழைய சொல்விளையாட்டு. மேய்த்தல், காத்தல் என்ற பொருளுடைய வேரிலிருந்து வந்த பெயர் என்பதே மொழியியலாளர் பலரின் கருத்து. மேய்ப்பவர் தெய்வம் என்பதால் அவனிடம் அவர்களுக்கு உரிமையும் அதிகம். வேட்டையில் இறைச்சி குறைந்தால் அர்க்காடியச் சிறுவர்கள் பானின் சிலையை நரிவெங்காயத்தால் அடிப்பார்களாம். கவிஞர் தியோக்ரிட்டஸ் பாடியிருக்கிறார். அதே கவிஞரின் மேய்ப்பன் உச்சிவேளையில் குழல் ஊத மறுக்கிறான்: வேட்டைக் களைப்பில் பான் உறங்கும் நேரம், எழுப்பினால் பொல்லாதவன்!

அவன் தரும் பயத்துக்குத்தான் ‘பேனிக்’ என்ற இந்தச் சொல். மந்தை மிரள்வதை வைத்து இன்று விளக்கினாலும், பழைய நூல்களில் அதிகம் வருவது படைமுகாம்தான். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் போர்க்கலை பற்றி எழுதிய ஐனியாஸ், முகாமில் திடீரென்று பரவும் கலவரத்துக்கு ‘பானேயா’ என்று பெயர் சொல்லி, இது முக்கியமாக அர்க்காடியர் வழக்கு என்கிறார். அதாவது, உலகமெங்கும் போன சொல் ஒரு வட்டார வழக்கு. கி.மு. 279இல் கிரேக்கரின் புனிதத் தலமான டெல்ஃபியைத் தாக்கிய ‘கால்’ (Gaul) என்ற இனத்தவர் இரவில் குதிரைக் குளம்பொலி கேட்பதாக நினைத்துத் தங்களுக்குள்ளேயே வெட்டிக்கொண்டார்கள். காரணமில்லாத பயம் பானிடமிருந்து வருவது என்று இதைச் சொல்லும் பழைய கிரேக்கப் பயண நூலாசிரியர் பௌசானியாஸ் எழுதுகிறார். அப்புறம் அந்தச் சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், நம்மிடம் வந்து சேர்ந்தது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? செய்தித்தாள்கள் ‘பீதி’ என்கின்றன. அது வடசொல், வெறும் பயம் என்றுதான் பொருள். ‘திகில்’ சினிமாவுக்குப் போய்விட்டது. என் தேர்வு ‘மிரட்சி’. மாடு மிரண்டது என்று சொல்லும்போதே காரணம் தெரியாமை, திடீர்த்தன்மை, ஒன்றைப் பார்த்து இன்னொன்று ஓடுவது எல்லாம் வந்துவிடுகின்றன. கடையில் பொருளை அள்ளிக்கொண்டு ஓடும் கூட்டத்துக்கும் பொருந்தும்.

தெய்வமும் சேர்ந்தே வேண்டுமென்றால் சங்கத்தமிழில் ‘சூர்’ இருக்கிறது. அச்சம் என்றும் பொருள், அச்சம் தரும் தெய்வம் என்றும் பொருள். குறுந்தொகை 52ஆம் பாட்டில், மலைச்சாரலில் சூர் தீண்டியவள்போலத் தலைவி நடுங்குகிறாள். பானுக்கு இவ்வளவு நெருக்கமான சொல் வேறு இல்லை. ஆனால் இன்று ‘சூர்’ என்று எழுதினால் படிப்பவர் நேராகத் திருச்செந்தூர் சூரசம்ஹாரத்துக்குப் போய்விடுவார். அதனால் கட்டுரையில் மிரட்சியே போதும்.