நரை அணிலா, சாம்பல் நிற அணிலா?

ஸ்ரீவில்லிபுத்தூர் சரணாலயத்தைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் 'சாம்பல் நிற அணில்' என்றே எழுதுகிறார்கள். செண்பகத்தோப்பு ஓடைக்கரையில், ஒரு புளியமரத்தில் அந்த அணிலை முதன்முதலாகப் பார்த்த அன்றே எனக்கு அந்தப் பெயர் ஒட்டவில்லை. சாம்பல் என்றால் அடுப்புச் சாம்பல், எங்கு தொட்டாலும் ஒரே நிறம். நான் பார்த்த அணிலுக்கோ முதுகு பழுப்பு. அந்தப் பழுப்பினூடே முடியின் நுனிகள் வெளுத்திருந்தன. கிளைக்குக் கீழே தொங்கிய வாலில் வெயில் பட்டபோது, பாதி நரைத்த தலைமுடி போலவே இருந்தது.

ஆங்கிலப் பெயரில் உள்ள 'கிரிஸில்ட்' என்ற சொல்லும் இதைத்தான் சொல்கிறது. 'கிரி' என்ற பிரெஞ்சுச் சொல் வெறும் சாம்பல் நிறம். அதிலிருந்து வந்த 'கிரிஸில்ட்', நரை கலந்த முடியைக் குறிக்கும். வட அமெரிக்காவின் கிரிஸ்லி கரடிக்கும் இதே வேர்தான். இதற்கு நேரான சொல் நம்மிடம் நெடுங்காலமாக இருக்கிறது: நரை. இரண்டே எழுத்து இருக்க, 'சாம்பல் நிற' என்று ஏன் நீட்ட வேண்டும்?

அறிவியல் பெயர் ரட்டுஃபா மேக்ரோரா. 1769இல் பிரிட்டன் இயற்கையியலாளர் பென்னன்ட் விவரித்த இனம் இது. மேக்ரோரா என்றால் கிரேக்கத்தில் நெடுவால். வால் உடம்பின் நீளத்துக்குக் குறையாது. தமிழ்நாட்டில் வாழும் துணையினத்தின் பெயர் டண்டோலேனா; 'தண்டு லேனா' என்ற சிங்களப் பெயரிலிருந்து வந்தது. இலங்கையிலும் இந்த அணில் உண்டு.

இனி அணில் என்ற சொல். கன்னடத்தில் அளிலு, மலையாளத்தில் அண்ணான். தொல்காப்பிய மரபியல் 'மூவரி அணில்' என்கிறது. நம் வீட்டுக் கூரையில் ஓடும் அணிலின் முதுகில் இன்றும் அதே மூன்று வரிகள். வடஇந்திய அணிலுக்கு வரி ஐந்து, ஆகவே தொல்காப்பியர் தம் ஊர் அணிலைப் பார்த்தே எழுதியிருக்கிறார் என்று நான் நம்புகிறேன். அணிலின் இளமைப் பெயர் 'குட்டி' என்றும் அங்கேயே வருகிறது. நாமோ வளர்ந்த அணிலையும் அணில்பிள்ளை என்கிறோம். கீரிப்பிள்ளை, தென்னம்பிள்ளை போலச் செல்லமாக வந்த பெயர்.

நரை அணிலுக்கு வரி கிடையாது. வீட்டு அணிலைவிடப் பல மடங்கு பெரியது, ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். தரைக்கு அரிதாகவே இறங்கும். இரண்டு மரங்களின் கிளைகள் கோத்துக்கொள்ளும் இடமாகப் பார்த்து, சுள்ளியும் இலையும் சேர்த்துப் பந்து போலக் கூடு கட்டும். பகை வந்தால் பக்கத்து மரத்துக்குத் தாவ அதுதான் வசதி. ஓடைக்கரை மரங்களில் நடுவே நாலைந்தை வெட்டிவிட்டால் அதன் பாதையே அறுந்துபோகும். அதனால்தான் பெரும்பாலும் அடர்ந்த கரைக்காடுகள் இருக்கும் இடங்களில் மிஞ்சியிருக்கிறது: ஸ்ரீவில்லிபுத்தூர், காவிரிக்கரைச் சோலைகள், கேரளத்தின் சின்னாறு போன்றவை. ஸ்ரீவில்லிபுத்தூர் சரணாலயம் 1988இல் இதற்கென்றே அமைந்தது. 2021இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது.

'மலையணில்' என்று மட்டும் சொன்னால் போதாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் கருஞ்சிவப்பும் கறுப்புமாகத் தாவும் இன்னொரு பெரிய அணிலையும் அப்படித்தான் சொல்கிறோம். ஆகவே முழுப்பெயராக நரை மலையணில், சுருக்கமாக நரை அணில். எழுதும்போது இடையின ரகரம் போட மறக்க வேண்டாம். 'நறை' என்றால் தேன்.