சென்சார் என்றால் உணரி

கோபிச்செட்டிபாளையத்தில் இருக்கும் எங்கள் அமுச்சிக்கு முழங்கால் அறுவை முடிந்து பயிற்சி நடந்தது. சொல்லிக்கொடுக்க வந்த பெண், பனியன் துணிபோல இழுபடும் ஒரு பட்டையைக் காலில் மாட்டி, "இதுல சென்சார் இருக்குதுங்க பாட்டி, கால் எவ்வளவு மடங்குதுன்னு போன்ல காட்டும்" என்றார். அமுச்சி என்னைப் பார்த்து, "ஏங்கண்ணு, சென்சார் சினிமாவுக்குத்தான பண்ணுவாங்க?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. படத்துக்குச் செய்யும் சென்சார், மதிப்பிடுதல் என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது. காலில் கட்டிய சென்சார், உணர்தல் என்ற பொருளுள்ள வேறொரு லத்தீன் வினையிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் எழுத்து வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. முதலாவதற்குத் தணிக்கை இருக்கிறது. இரண்டாவதற்கு உணரி.

உணர் என்ற வினையோடு இகரம் சேர்ந்தால் உணரி. பூச்சிக்கொல்லி, திசைகாட்டி, மின்கடத்தி எல்லாம் இதே வார்ப்புதான். சிலர் உணர்த்தி என்று எழுதுகிறார்கள். அது பிறருக்குத் தெரிவிப்பது. பட்டையிலுள்ள நூல் உணரி. போனில் வரும் எண்ணும் பீப் ஒலியும் உணர்த்தி. இந்த வேறுபாட்டைத் தமிழ் இவ்வளவு சுலபமாகக் காட்டும்போது நாம் ஏன் அதைக் குழப்ப வேண்டும்?

அந்தப் பட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். நடுவே ஒரு விரல் அகலத்துக்குச் சாம்பல் நிறம். வெள்ளி பூசிய நைலான் நூல். மற்றபடி திருப்பூர்ப் பின்னல் துணியேதான், வளையம் வளையமாகக் கோத்தது. கால் மடங்கினால் துணி இழுபடும், வளையங்கள் விரியும், நூலும் நூலும் தொடும் இடங்கள் மாறும், அதோடு மின்தடையும் மாறும். அந்த மாற்றத்தைத்தான் கோணமாகக் கணக்கிடுகிறார்கள். 1938இல் வந்த உலோகத் திரிபுமானியும் (ஸ்ட்ரெயின் கேஜ்) இழுவையை மின்தடையாக மாற்றுவதுதான். ஆனால் உலோகம் கொஞ்சம்தான் இழுபடும். முட்டித்தோல் அதைவிடப் பல மடங்கு இழுபடும். அதனால்தான் துணிக்கும், கரித்துகள் கலந்த சிலிக்கோன் ரப்பருக்கும் போனார்கள்.

இங்கேதான் நெகிழ் என்ற சொல் வேண்டும். சங்கப் பாட்டில் தலைவியின் தோள் மெலிந்தால் தொடி நெகிழும். அவள் உடல்நிலையை ஊருக்குச் சொல்வதே கையில் கிடக்கும் வளைதான். நெகிழ்தல் அங்கே கழலுதல். இன்று வளைவதையும் இழுபடுவதையும் சேர்த்துச் சொல்ல இதைவிட நல்ல வினை எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் அணி. சட்டை போடுகிறோம், வேட்டி கட்டுகிறோம், பொட்டு வைக்கிறோம். அணிதல் எல்லாவற்றுக்கும் பொருந்தும். அணியக்கூடிய உணரி என்று நீட்ட வேண்டாம். ஊறுகாய் போல வினைத்தொகையாக, அணியுணரி. துணியிலோ ரப்பரிலோ செய்தது நெகிழ் அணியுணரி.

அமுச்சியிடம் உணரிப்பட்டை என்று சொன்னேன். "சரி, துவைச்சா அப்புறம் உணருமா?" என்றார். துவைக்கத் துவைக்க வெள்ளிப் பூச்சு தேயும். அது தேயாமல் இருக்கத்தான் இந்தத் துறையில் இன்னும் பாடுபடுகிறார்கள்.