சுழி பார்த்தது போதும், குளம்பைப் பாருங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு போன். "புதுசா குதிரை இறக்கியிருக்கோமுங்க டாக்டர். வண்டியில வந்த அலுப்புப் போல, கொஞ்சம் காலைத் தாங்குது. ஒரு ஊசி போட்டு விட்டீங்கன்னா சரியாப் போயிருமுங்க."

தென்னந்தோப்புக்கு நடுவில் புது லாயம். தகரம் கூட இன்னும் பளபளப்பு போகவில்லை. உள்ளே வெள்ளைக் குதிரை, இளஞ்சிவப்புத் தோல், நுக்ரா. கழுத்தில் வாடிய மாலை, நெற்றியில் குங்குமம். 12 வயதுப் பெண் கையில் கேரட்டோடு நிற்கிறாள். அவளுக்காகத்தான் வாங்கியிருக்கிறார்கள். குதிரை இரண்டு முன்னங்கால்களையும் முன்னால் நீட்டி, உடம்பின் பாரத்தையெல்லாம் பின்னங்காலில் போட்டுச் சாய்ந்து நின்றது. அந்த நிலையைத் தூரத்தில் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

குளம்பில் கறுப்பு பாலிஷ் அடித்திருந்தார்கள். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன். உள்ளிருந்து வளையம் வளையமாகக் கோடுகள் வந்தன. முன்பக்கம் நெருக்கமாகவும் குதிப்பக்கம் விரிந்தும் இருந்தன. அரம் போட்டு ராவி மறைக்கப் பார்த்திருக்கிறார்கள், முழுதாக மறையவில்லை. காலைத் தூக்கினால் அடிப்பாதம் தட்டையாக இறங்கியிருக்கிறது. லேமினைட்டிஸ், அதாவது குளம்பையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிணைக்கிற திசுவில் வரும் அழற்சி. இந்த வாரம் வந்ததும் இல்லை, வண்டி அலுப்பும் இல்லை. மாதக்கணக்கில் அந்தக் குதிரை இந்த வலியோடு நின்றிருக்கிறது. "5 வயசு" என்று விற்றிருக்கிறார்கள். வாயைத் திறந்து பார்த்தால் 15க்குக் குறையாது. விலை மூன்றரை லட்சம்.

"வாங்கும்போது என்னங்க பார்த்தீங்க?" என்று கேட்டேன்.

"சுழியெல்லாம் சுத்தமுங்க. அதுக்குன்னே விவரம் தெரிஞ்ச ஆளைக் கையோட கூட்டிட்டுப் போயிருந்தோம்."

இந்த வருடம் இது எனக்கு நான்காவது கேஸ். நான்கிலும் சுழி சுத்தம். நான்கிலும் குளம்பை யாரும் தூக்கிப் பார்க்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சுழியையே பேசிவிடுவோம். சுழி என்பது முடி வளரும் திசை மாறுகிற இடம். நம் குழந்தைகளுக்கு உச்சந்தலையில் இருக்கிறதே, அதேதான். குட்டி தாய் வயிற்றில் இருக்கும்போதே தோலில் அமைந்துவிடுகிறது. நெற்றிச் சுழி இல்லாத குதிரை அபூர்வம். கழுத்தில், மார்பில், விலாவில் கூடவோ குறையவோ இருக்கும். தொண்டையில் இருந்தால் தேவமணி, வீட்டுக்கு யோகம் என்பார்கள். கண்ணுக்குக் கீழே இருந்தால் கண்ணீர், வாங்கியவர் குடும்பம் அழும் என்பார்கள். 18 வருடமாகக் குதிரைகளைப் பார்த்து வருகிறேன். தேவமணி இருந்த குதிரை வயிற்றுவலியில் செத்ததையும் பார்த்திருக்கிறேன், கண்ணுக்குக் கீழே சுழி இருந்த குதிரை பல வருடம் ஒரு வீட்டுக்கு உழைத்ததையும் பார்த்திருக்கிறேன். முன்னங்கால் எலும்பு எப்படி இருக்கிறது, நுரையீரல் எப்படி இருக்கிறது, கண் தெரிகிறதா, ஆளைக் கடிக்குமா, இதில் எதையும் சுழி சொல்லாது. உங்கள் குடும்பத்துக்கு நல்லது கெட்டது வருவதையும் சொல்லாது.

"நம்பிக்கைதானே, பார்த்துவிட்டுப் போகட்டுமே" என்று கேட்பவர்கள் உண்டு. என் வருத்தம் நம்பிக்கையில் இல்லை. சந்தையில் உங்களுக்குக் கிடைப்பது அரை மணி நேரம். அதில் 25 நிமிடம் சுழி எண்ணுவதிலேயே போய்விடுகிறது. விற்கிறவருக்கும் இது தெரியும். குளம்பைப் பற்றி நீங்கள் கேள்வி கேட்காதவரை சுழியைப் பற்றி அவர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவார். ஆகாத சுழியை மழித்துவிட்டு "சேணம் உரசியது" என்று சொன்னதையும் என் கண்ணால் பார்த்தேன். அந்தக் குதிரையின் வலது கண்ணில் பூ விழுந்திருந்தது. வாங்க வந்த நான்கு பேரும் மழித்த இடத்தையே தடவிக்கொண்டிருந்தார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு பெண்குதிரை வந்தது. 9 வயது, கால் நான்கும் சுத்தம், குழந்தை வயிற்றுக்கடியில் புகுந்து வந்தாலும் அசையாது. கண்ணுக்குக் கீழே சுழி என்று யாரும் வாங்கவில்லை. கடைசியில் பாதி விலைக்கு ஒரு பள்ளி ஆசிரியர் வாங்கினார். இன்று அவருடைய இரண்டு பிள்ளைகளும் அதில்தான் ஏறிப் பழகுகிறார்கள். சுழி பார்த்தே தீருவேன் என்றால் பாருங்கள். ஆனால் கடைசியாகப் பாருங்கள். பல், குளம்பு, நடை, கண், மூச்சு எல்லாம் தேறிய பிறகு பாருங்கள். இதை உங்களிடம் கெஞ்சியே கேட்கிறேன்.

பஞ்சகல்யாணி (நான்கு காலும் முகமும் வெள்ளை), நுக்ரா என்று நிறத்துக்குக் கொடுக்கிற விலையும் இப்படித்தான். நுக்ராவின் தோலில் நிறமி இல்லை. நம் ஊர் வெயிலில் மூக்கும் கண்ணிமையும் வெந்துபோகும். இமையில் ஆறாத புண் வந்தால் புற்றுநோயா என்று நாங்கள் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. நிழலும் நேரமும் கொடுக்க முடிகிறவர்கள் மட்டும் வாங்குங்கள்.

இனி பல். குதிரைக்குப் பால்பல் விழுந்து முன்பற்கள் முளைப்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. நடுப்பல் இரண்டும் இரண்டரை வயதில், அடுத்தவை மூன்றரையில், ஓரப்பல் நாலரையில். 5 வயதில் வாய் நிறைந்துவிடும். பல்லின் மேற்பரப்பில் உள்ள கறுப்புக் குழி கீழ் நடுப்பல்லில் 6 வயதிலும், ஓரப்பல்லில் 8 வயதிலும் தேய்ந்து மறையும். மேல் ஓரப்பல்லில் ஈறு ஓரமாக ஒரு பள்ளக் கோடு 10 வயதில் தலைகாட்டி, 15ல் பாதிப் பல்லுக்கு இறங்கி, 20ல் அடிவரை வந்துவிடும். ஒன்றிரண்டு வயது முன்னே பின்னே இருக்கலாம், 5ஐயும் 15ஐயும் யாரும் குழப்பிக்கொள்ள முடியாது. தேய்ந்த பல்லைத் துளைத்துக் கறுப்பு ஏற்றும் வேலை இந்தத் தொழிலில் பழையது. அதனால் குழியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் நின்று மேல்வரிசையும் கீழ்வரிசையும் சேரும் கோணத்தைப் பாருங்கள். இளங்குதிரைக்கு நிமிர்ந்து நிற்கும், வயதானால் முன்னால் நீண்டு சரியும்.

நடையைத் தரகர் அனுப்பும் வீடியோவில் பார்க்க முடியாது. மணலில், பாட்டுப் போட்டு, பிடரி பறக்க நாலுகால் பாய்ச்சலில் ஓட்டுவார்கள். அதில் எந்த நொண்டலும் தெரியாது. கெட்டித் தரையில், சிமென்ட் களமானால் இன்னும் நல்லது, கயிற்றைத் தளர்த்திப் பிடித்து மெதுவோட்டமாக நேரே போய்த் திரும்பி வரச் சொல்லுங்கள். தலையைக் கவனியுங்கள். வலிக்கிற முன்னங்கால் தரையில் படும்போது தலையைத் தூக்கும், நல்ல கால் படும்போது தலையை இறக்கும். சத்தத்தையும் கேளுங்கள், நான்கு குளம்பும் ஒரே மாதிரி விழ வேண்டும். பிறகு சின்ன வட்டத்தில் இரண்டு பக்கமும் சுற்ற வையுங்கள். குதிரைக்காரர் கயிற்றைக் கன்னத்தோடு இறுக்கிப் பிடித்துத் தலையை நிமிர்த்தியே ஓட்டினால், விடச் சொல்லுங்கள். மறுத்தால் கிளம்பி வந்துவிடுங்கள்.

பிறகு மருந்து. இந்த நுக்ரா முதல் இரண்டு நாள் நன்றாகவே நடந்ததாம். மூன்றாம் நாள் காலைத் தாங்கியது. விற்பதற்கு முன் வலி மாத்திரையோ ஊசியோ போயிருக்க வேண்டும், வேறு வழியில்லை. முரட்டுக் குதிரையைச் சாதுவாக்குவதும் இதே வழிதான். கீழுதடு தொங்குகிறதா, தலை முழங்கால் உயரத்துக்கு இறங்கியிருக்கிறதா, ஆண்குதிரைக்கு உறுப்பு வெளியே தளர்ந்து கிடக்கிறதா என்று பாருங்கள். மயக்க மருந்து போட்ட குதிரை அப்படித்தான் நிற்கும். பெரிய விலை என்றால் வாங்கும் அன்றே ரத்தம் எடுத்து வைக்கச் சொல்லுவேன். பின்னால் தகராறு வந்தால் ஆய்வகத்துக்கு அனுப்ப அது இருக்கும். முடிந்தால் ஒரு வாரம் கழித்து, சொல்லாமல் இன்னொரு தடவை போய்ப் பாருங்கள்.

யாருக்கு வாங்குகிறோம் என்பதைச் சந்தைக்குக் கிளம்பும் முன் வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். அந்தியூரில் ஆடி மாதம் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போனால் மார்வாரி, கத்தியவாரி இனக் குதிரைகளும் மட்டக்குதிரையும் வரிசையாக நிற்கும். நடனக் குதிரை ஆடும்போது கண்ணை எடுக்க முடியாது. ஆனால் பின்னங்காலில் நின்று ஆடுகிற அந்தப் பொலிகுதிரை உங்கள் மகளுக்கு ஏற்ற குதிரை அல்ல. "குட்டியா வாங்கினா குழந்தையோட சேர்ந்து வளரும்" என்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஏறத் தெரியாத பிள்ளையும் ஏற்றத் தெரியாத குதிரையும் சேர்ந்தால் எலும்பு முறிவு டாக்டரிடம்தான் போக வேண்டும். குதிரைக்கு முதுகெலும்பு முழுதாக முற்றவே 5 வயது தாண்டும். முதல் குதிரை 8 முதல் 12 வயதுக்குள், நன்றாகப் பழகியதாக, காயடித்ததாக இருக்கட்டும். காயடித்தது என்றாலே நம்மவர்கள் முகம் சுளிக்கிறார்கள். மானக்கேடு எதுவும் இல்லை. பெண்குதிரை வாசனைக்கு வெறி பிடிக்காத, பிள்ளை கையில் அடங்குகிற குதிரை வேண்டுமென்றால் அதுதான்.

பாரக் கணக்கும் பாருங்கள். சேணத்தோடு சேர்த்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக் கூடாது. 200 கிலோ மட்டக்குதிரைக்கு 40 கிலோதான் கணக்கு. அதில் 70 கிலோ மாமா ஏறிப் படம் எடுத்துக்கொள்வது பாவம்.

ரேஸிலிருந்து கழித்த தரோபிரெட், அதாவது பந்தய இனக் குதிரை, மலிவாகக் கிடைக்கும். நல்ல குதிரைகளும் அதில் உண்டு. முன்னங்கால் முழங்காலுக்குக் கீழே பின்பக்க நரம்பை, அதாவது தசைநாரை, இரண்டு விரலால் மேலிருந்து கீழே தடவுங்கள். கயிறு போல நேராக ஓட வேண்டும். வாழைப்பழம் போலப் புடைத்திருந்தால் அது பழைய கிழிசல். இரண்டு வயதிலிருந்து ஓடு ஓடு என்றே பழக்கப்பட்ட குதிரையை நிற்கப் பழக்க மாதக்கணக்கு ஆகும். புதிதாக ஏறுகிறவர்களுக்கு வேண்டாம்.

"சினை" என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் ஸ்கேன் பார்த்த பிறகு கொடுங்கள். இரண்டு வாரம் தாண்டினாலே ஸ்கேனில் தெரிந்துவிடும். வாய்ச்சொல்லை நம்பி 11 மாதம் காத்திருந்து ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள்.

நோய் பற்றி எச்சரிக்காமல் விட முடியாது. மூக்கில் கெட்டியான சளி, மூக்குக்குள் புண், காலிலோ உடம்பிலோ வரிசையாக உடைந்து சீழ் வடியும் கட்டிகள் இருந்தால் தொடவே தொடாதீர்கள். கிளாண்டர்ஸ் என்ற பாக்டீரியா நோயாக இருக்கலாம். மனிதருக்கும் தொற்றும், உயிரை வாங்கும். 2009ஆம் ஆண்டு விலங்குத் தொற்றுநோய்ச் சட்டத்தின் கீழ் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய். உறுதியானால் குதிரைக்கு வைத்தியம் பார்க்க அனுமதி இல்லை, கொன்று புதைப்பார்கள். ரத்தப் பரிசோதனை ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தில் நடக்கும். மாதிரியை உள்ளூர் கால்நடை பராமரிப்புத் துறை வழியாக அனுப்பலாம். வடக்கிலிருந்து லாரியில் வருகிற குதிரை என்றால் இந்தச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். விட்டுவிட்டுக் காய்ச்சல், கால் வீக்கம், எவ்வளவு தின்றும் தேறாத உடம்பு என்றால் சர்ரா என்ற ரத்த ஒட்டுண்ணி நோயாக இருக்கலாம். குதிரை ஈ பரப்புவது, ரத்தப் பரிசோதனையில் பார்க்கலாம். குதிரை வீட்டுக்கு வந்ததும் தனியாக மூன்று வாரம் கட்டுங்கள், டெட்டனஸ் தடுப்பூசி போடுங்கள். கோழித் தீவனம் மிச்சம் இருக்கிறது என்று அள்ளிப் போடாதீர்கள். அதில் கலக்கும் சில மருந்துகள் குதிரையின் இதயத்தைக் கொன்றுவிடும்.

விலை முடிந்த பிறகு, வண்டியேற்றிய பிறகு, மாலை போட்ட பிறகு எங்களைக் கூப்பிடுகிறீர்கள். துண்டுக்குள் கை போட்டு விலை பேசும் முன் கூப்பிடுங்கள். விற்பவர் அழைத்து வரும் டாக்டர் வேண்டாம், உங்கள் டாக்டர் வரட்டும். அவருக்குக் கொடுக்கும் கூலி ஒரு மூட்டைக் கொள்ளு விலைக்கு மேல் வராது. தரகர் "இன்னொரு பார்ட்டி காத்திட்டிருக்கு" என்று அவசரப்படுத்தினால், அந்தப் பார்ட்டியே வாங்கிக்கொள்ளட்டும்.

அந்த நுக்ராவுக்கு எக்ஸ்ரே எடுத்தோம். குளம்புக்குள் எலும்பு திரும்பியிருக்கிறது. தரகர் போனை எடுக்கவில்லை. கொள்ளையும் தானியத்தையும் அன்றே நிறுத்தச் சொன்னேன். லாயத்தின் சிமென்ட் தரையில் முழங்கால் உயரத்துக்கு மணல் கொட்டச் சொன்னேன். தோப்புக்காரர் அப்போதே ஆள் அனுப்பி டிராக்டரில் கொண்டுவந்து கொட்டினார். தப்பு நடந்தாலும் மனுஷர் குதிரையைக் கைவிடவில்லை.

"இதுல ஏறவே முடியாதா மாமா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

ஏற முடியாதும்மா, குளிப்பாட்டலாம், புல் வைக்கலாம், பக்கத்தில் உட்கார்ந்து பேசலாம் என்றேன். நான் கிளம்பும்போது குதிரை அந்தப் புது மணலில் படுத்துவிட்டது. வந்ததிலிருந்து படுக்கவே இல்லை என்றார்கள். அடுத்த ஞாயிறு லாடம் கட்டுபவரைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.