சொல் விளக்கம்: பற்றாசு (பட்டாசு அல்ல)

போன மாரியில் ஒருநாள் என் ஹெட்போனுக்குள் பாடுகிறவர்கள் எல்லாரும் மாயமாகிவிட்டார்கள். பாட்டு ஓடுகிறது, இரண்டு பக்கமும் பரவிக் கிடக்கிற வயலின்கள் கேட்கின்றன, எதிரொலிகூடக் கேட்கிறது, பாடுகிற ஆளை மட்டும் யாரோ பக்கத்து வளவுக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டதுபோல ஒரு சத்தம். கிளிநொச்சி ரவுணில் ஒரு கடையில் காட்டினேன். பெடியன் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "உதைத் தூக்கி எறிஞ்சுபோட்டு புதுசு ஒண்டு எடுங்கோ அண்ணை" என்றான். எறிய மனமில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து பிளக்கை வெட்டிப் பார்த்தால், உள்ளே ஒரேயொரு வயர் விட்டுப்போயிருந்தது.

விசயம் இதுதான். சாதாரண ஹெட்போன் வயருக்குள் இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று, இரண்டுக்கும் பொதுவாகத் திரும்பி வருகிற வயர் ஒன்று. அந்தப் பொது வயர் கழன்றால் இரண்டு ஸ்பீக்கரும் தொடராக இணைந்துவிடும், இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் ஒலியாக வரும். பாடகரின் குரலைப் பெரும்பாலும் இரண்டு பக்கமும் சமமாகத்தான் பதிவு செய்வார்கள், சமமானதைச் சமமானதிலிருந்து கழித்தால் மிச்சம் என்ன இருக்கும்? அதனால்தான் ஆள் கிணற்றுக்குள் போனது. ஒரு துளி ஈயம் வைத்தேன், மேலே ஏறி வந்துவிட்டார்.

அந்த ஒரு துளிக்குத் தமிழில் என்ன பெயர் என்பதுதான் இந்தப் பதிவு. வன்னியில் நாங்கள் "ஈயம் வைக்கிறது" என்போம், ரேடியோ திருத்துகிறவர்கள் "சோல்டர் பண்ணுறது" என்பார்கள். அகராதியில் இருக்கிற சொல் பற்றாசு. புதிதாக யாரும் உட்கார்ந்து ஆக்கிய கலைச்சொல் என்று நினைக்க வேண்டாம், மின்சாரம் என்ற ஒன்றைக் கனவிலும் காணாத காலத்திலிருந்து வருகிற சொல்.

பற்று, ஆசு என்று இரண்டாகப் பிரியும். பற்று தெரிந்ததுதான்: பிடித்துக்கொள்வது, ஒட்டிக்கொள்வது. ஆசுதான் சுவாரசியமான ஆள். அகராதியைத் திறந்தால் ஆசு என்பதற்குக் குற்றம் என்று ஒரு பொருள், பற்றுக்கோடு என்று ஒரு பொருள், உலோகங்களைப் பொருத்த வைக்கிற பொருள் என்று இன்னொன்று. (ஆசுகவி என்பதில் வருகிற ஆசு வேறு, அது விரைவு என்று பொருள்படும் வடசொல்.) குறையையும் குறையை மூடுகிற மருந்தையும் ஒரே சொல் குறிக்கிறது பாருங்கள். இடைவெளி விட்ட இடமும் ஆசு, அந்த இடைவெளியில் உருக்கி விடுகிறதும் ஆசு என்று நான் விளங்கிக்கொள்கிறேன், மொழியறிஞர்கள் சண்டைக்கு வரவேண்டாம்.

இது தட்டாரின் சொல். தங்கச் சங்கிலி அறுந்தால் தங்கத்தையே உருக்கி ஒட்ட முடியாது, ஒட்டுவதற்குள் சங்கிலியும் உருகிவிடும். அதனால் தங்கத்தோடு வெள்ளியும் செம்பும் கலந்து, தங்கத்தைவிடக் குறைந்த சூட்டில் இளகுகிற ஒரு கலவையைச் செய்து, அதைப் பொடியாக அராவி, வெண்காரத்தோடு குழைத்து வெடிப்பில் வைத்து, ஊதுகுழலால் சுவாலையை அதன்மேல் ஊதுவார்கள். நான் வீட்டு விறாந்தையில் இருந்து ஹெட்போனோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருந்தபோது, நகை வேலையை விட்டுக் கனகாலமான ஒரு ஐயா படலையைத் திறந்துகொண்டு வந்தவர் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "என்ன தம்பி, பொடி வைச்சு ஊதுறியோ?" என்றார். பொடி வைத்துக் கதைப்பது என்று நாங்கள் சொல்வோமே, ஒன்றைச் சொல்வதுபோலச் சொல்லி உள்ளே வேறொன்றை வைப்பது, அதையும் இந்த ஊதுகுழல் வேலையோடு சேர்த்துத்தான் ஐயா விளக்கினார். வேலை முடிந்தபின் பொடி வைத்த இடம் வெளியே தெரியக்கூடாது, தெரிந்தால் தட்டாருக்கு மரியாதை இல்லை.

எனக்குப் பிடித்த இடம் இனித்தான் வருகிறது. இந்தச் சொல் பட்டறையை விட்டு யாப்பிலக்கணத்துக்குள்ளும் போயிருக்கிறது. இரண்டு குறள் வெண்பாவை நடுவில் ஒரு தனிச்சொல் போட்டு இணைத்தால் ஒரு நேரிசை வெண்பா வரும். சில நேரம் முதற் குறளின் கடைசிச் சீரும் தனிச்சொல்லும் ஒட்டாமல் விட்டிசைக்கும். அப்போது அந்தக் கடைசிச் சீரோடு ஒன்றோ இரண்டோ அசையைக் கூட்டி ஒட்டவைப்பார்கள். அப்படிக் கூட்டுகிற அசைக்கு ஆசு என்று பெயர், பாட்டுக்கு ஆசிடை நேரிசை வெண்பா என்று பெயர். ஒட்டாத உலோகங்களைப் பற்றாசு இட்டு ஒட்டினாற்போல என்று பழைய உரையிலேயே உவமையும் இருக்கிறது. குறளின் கடைசிச் சீர் எப்போதும் குறைச்சீர், நாள், மலர், காசு, பிறப்பு என்று வெட்டுப்பட்டு நிற்கும். வெட்டின வயர் நுனிதான் அது. வெட்டின நுனிக்கு முதலில் ஈயம் பூசிவிட்டுத்தான் அடுத்ததோடு சேர்க்க வேண்டும் என்று எனக்கு ரேடியோ வேலை சொல்லித்தந்த பெரியப்பாவுக்கு யாப்பும் தெரியாது யாப்பருங்கலக் காரிகையும் தெரியாது, ஆனால் இரண்டும் ஒரே வேலைதான்.

பெரியப்பாவைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. தொண்ணூறுகளில் இங்கே கரண்டும் இல்லை, பற்றரியும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வருகிற கரண்டில் ரேடியோவில் செய்தி கேட்ட காலம். சோல்டர் அயனைச் செருக எங்கே பிளக்? பெரியப்பா ஒரு தடித்த செப்புக் கம்பியின் நுனியை அராவி, சிரட்டைக் கரித் தணலில் வைத்துச் சூடாக்கி, அது ஆறுவதற்குள் ஒரு மூட்டு, மறுபடி தணல், மறுபடி ஒரு மூட்டு. ஈயமும் கடையில் வாங்கியது இல்லை, பழுதான சர்க்கிட் போட்டுகளிலிருந்து உருக்கி எடுத்தது. அந்த வேலைக்கு அவர் வைத்த பெயர் "ஈயம் வைக்கிறது" என்பதுதான், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் பெயர் இப்போது இடிக்கிறது. தமிழில் ஈயம் என்றால் இரண்டு உலோகம்: வெள்ளீயம், காரீயம். நாங்கள் வாங்குகிற சோல்டர் கம்பி இரண்டும் கலந்தது, 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் என்றால் சரியாக 183 பாகை செல்சியஸில் சட்டென்று உருகிச் சட்டென்று உறையும், அதனால் பழகுகிறவர்களுக்கு அதுதான் நல்லது. காரீயம் உடம்புக்கு நஞ்சு என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2006 யூலையிலிருந்து மின் சாதனங்களில் அதற்குக் கட்டுப்பாடு போட்டது, இப்போது வருகிற ஹெட்போன்களில் அனேகமாகக் காரீயம் இல்லாத கலவைதான், வெள்ளீயத்தோடு கொஞ்சம் வெள்ளியும் செம்பும், உருக 217 பாகையாவது வேண்டும். இதை எப்படிச் சொல்வது? "ஈயம் இல்லாத ஈயம்" என்றா? காரீயமில்லாப் பற்றாசு என்றால் ஒரு குழப்பமும் இல்லை. எந்த உலோகம் என்று சொல்லாமல் என்ன வேலை செய்கிறது என்று சொல்கிற சொல் அது, உலோகம் மாறினாலும் பெயர் மாறத் தேவையில்லை.

"பற்றவைத்தல்" என்று சிலர் எழுதுகிறார்கள். எழுத்தில் சரிதான், வாயில் சரிவராது. "ஹெட்போனைப் பத்த வைச்சன்" என்று அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள், வாளியோடு ஓடி வருவா.

சோல்டர் என்ற ஆங்கிலச் சொல்லின் வழியும் சொல்லிவிடுகிறேன். திடமாக்கு என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. நடுவில் ல் உதிர்ந்துபோய், பிறகு லத்தீனைப் பார்த்துத் திருப்பிச் செருகப்பட்டது, அமெரிக்கர்கள் இன்றும் அந்த ல்லை உச்சரிக்காமல் "சாடர்" என்பார்கள். அதே சொலிடஸ் என்ற வேரிலிருந்துதான் ரோமர்களின் ஒரு தங்க நாணயத்துக்குப் பெயர் வந்தது, நாணயத்தைச் சம்பளமாக வாங்குகிறவன் சோல்ஜர் ஆனான். சோல்டரும் சோல்ஜரும் உறவுக்காரர். இரண்டாவது சொல்லை வன்னியில் இருக்கிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

சரி, சொல்லை வேலையில் போட்டுப் பார்ப்போம். ஹெட்போன் வயர் பற்றாசு பிடிக்காமல் உருண்டு விழுகிறது என்று பலர் கைவிடுவது ஒரு சின்ன விசயத்தால். உள்ளே இருக்கிற மயிர் போன்ற செப்பு இழைகளுக்குச் சிவப்பு, பச்சை, செப்பு நிறத்தில் எனாமல் பூசியிருக்கும், அது நிறம் காட்ட மட்டும் இல்லை, ஒன்றோடொன்று தொட்டுவிடாமல் காக்கிற உறை. அதை எரித்து அகற்றாமல் ஒட்டாது. அயன் நுனியில் ஒரு குண்டு பற்றாசை உருக்கி வைத்து, 350 பாகையளவில், இழையை அதற்குள் சில வினாடி அமிழ்த்திப் பிடித்தால் எனாமல் கருகி விலகி நுனி வெள்ளியாய்ப் பளபளக்கும். பைன் மரப் பிசினில் செய்த ரோசின் கொஞ்சம் தொட்டுக்கொண்டால் இன்னும் சுகம், தட்டாருக்கு வெண்காரம் செய்கிற வேலையை எங்களுக்கு ரோசின் செய்கிறது, தமிழகப் பாடப்புத்தகங்களில் இப்படிப்பட்டதை இளக்கி என்பார்கள். புகையை மூச்சில் எடுக்க வேண்டாம், ரோசின் புகை தொய்வு (ஆஸ்துமா) உள்ளவர்களுக்கு ஆகாது. காரீயம் உள்ள கம்பியைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பாட்டில் வைக்க வேண்டாம். புளூடூத் ஹெட்போன் என்றால் முதலில் உள்ளே பற்றரி எங்கே என்று பார்த்து அதற்குப் பக்கத்தில் சூட்டைக் கொண்டுபோகாதீர்கள்.

பிளக்கின் நுனி இடது, அடுத்த வளையம் வலது, மைக் இல்லாத பிளக்கில் அடிப்பாகம் பொது. மைக் உள்ளதில் வளையம் இரண்டு, இப்போதைய போன்களுக்கு இரண்டாவது வளையம் பொது, அடிப்பாகம் மைக். பிளக் அனேகமாகப் பித்தளை, மேலே நிக்கலோ தங்கமோ மெல்லிய பூச்சு. ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை என்கிற பழமொழியை நினைத்துச் சிரித்துக்கொண்டு வேலை செய்யலாம், கடைசியில் பித்தளையைப் பிடித்து வைத்திருப்பது அந்த ஈயம்தான். ஒரு பக்க ஸ்பீக்கரின் இரண்டு வயரையும் மாற்றிப் பிடித்துவிட்டால் சத்தம் வரும், ஆனால் குரல் நடுவில் நில்லாமல் தலைக்குள் கலைந்து பரவும், அடித்தொனி மெலிந்ததுபோல இருக்கும். அப்படி இருந்தால் ஹெட்போனைக் குறைசொல்லாமல் மூட்டைக் கழற்றி மாற்றுங்கள்.

வெள்ளி கலந்த பற்றாசு வைத்தால் இசை இனிக்கும் என்று விற்கிறவர்களை நம்பவேண்டாம். ஸ்பீக்கர் 32 ஓம், ஒழுங்கான மூட்டின் தடை ஓமில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. நல்ல மூட்டு ஒலியைக் கெடுக்காது, அவ்வளவுதான் அதன் வேலை. ஒலி உண்மையில் மாறுவது வேறு இடங்களில். முதலாவது காதுமெத்தை: எங்கள் வெயிலுக்கும் வியர்வைக்கும் இரண்டு வருசத்தில் தோல் செதில் செதிலாக உரிந்து காற்று ஒழுகத் தொடங்கும், காற்று ஒழுகினால் அடித்தொனியும் ஒழுகிவிடும், புது மெத்தை போட்டாலே பாதிப் பேருக்குப் புது ஹெட்போன்தான். அடுத்தது கோப்பைக்குள் கொஞ்சம் பஞ்சு, பின்பக்கக் காற்றுத் துளையில் ஒரு துண்டு ஒட்டுநாடா. ஃபோஸ்டெக்ஸ் ரி50ஆர்பி என்கிற ஹெட்போனை வாங்கி, கோப்பைக்குள் பிளாஸ்ரிசின் களியும் பஞ்சும் அப்பி வேறொன்றாக மாற்றுவதை உலகம் முழுக்க ஒரு கூட்டமே செய்கிறது. ஒவ்வொன்றாகச் செய்து கேளுங்கள், எல்லாவற்றையும் ஒரேநாளில் செய்தால் எது என்ன செய்தது என்று தெரியாது. குசினி மேசையில் இப்படி நோண்டுவதைப் பற்றி வீட்டில் ஏச்சு விழுந்தால், 1910ல் அமெரிக்காவின் யூட்டாவில் நத்தானியேல் பால்ட்வின் கடற்படைக்குக் கொடுத்த ஹெட்போன்களைக் குசினியில் வைத்துத்தான் செய்தார் என்று சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அது எடுபடவில்லை.

ஹெட்போனுக்கே தமிழ் என்ன என்று கேட்பீர்கள். ஆளுக்கொரு சொல் வைத்திருக்கிறார்கள், ஒன்றும் என் வாயில் ஒட்டவில்லை, ஹெட்போன் என்றே இருக்கட்டும். ஆனால் பற்றாசு ஏற்கெனவே கையில் இருக்கிற சொல். பற்றாசுக் கம்பி, பற்றாசுக்கோல், பற்றாசு வைத்தல், பற்றாசு விட்டுப்போச்சு என்று எல்லாப் பக்கமும் வளைகிறது. ஒரு வாதத்துக்கு ஏதாவது பிடிமானம் கிடைத்தால் "அதையே பற்றாசாகக் கொண்டு" என்று எழுதவும் முடியும், பழைய உரைநடையில் அப்படி எழுதினார்கள்.

ஒரே சிக்கல் உச்சரிப்பு. நாங்கள் பற்றரி, மீற்றர் என்று ஆங்கிலத்து ட் வருகிற இடத்தில் ற்ற எழுதுகிறவர்கள், அதனால் பற்றாசை ஒழுங்காகச் சொன்னாலும் கேட்கிறவருக்குப் பட்டாசு என்றுதான் விழும். போன கிழமை ஒரு கடையில் போய், இவ்வளவு எழுதின தைரியத்தில், "0.8 மில்லிமீற்றர் பற்றாசுக் கம்பி இருக்கோ?" என்று கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கம்பி மத்தாப்போ? அது தீபாவளி நேரம்தான் தம்பி வரும்."

சோல்டர் ஈயம் என்று கேட்டு ஒரு சுருள் வாங்கிக்கொண்டு வந்தேன்.