அசென்ட்: பிள்ளை சொல்லும் 'சரி'

பள்ளியில் ஆய்வு செய்ய, ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பிப்பவர்கள் கன்சென்ட், அசென்ட் இரண்டையுமே 'சம்மதம்' என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் இவற்றைத் தருபவர்கள் வேறு வேறு ஆட்கள். பிள்ளைக்காகப் பெற்றோர் சட்டப்படி தருவது கன்சென்ட். பிள்ளை தன் வாயால் சொல்வது அசென்ட். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017 நெறிமுறைப்படி, ஏழு வயதுக்கு மேல் வாய்மொழியாகவும் பன்னிரண்டுக்கு மேல் எழுத்திலும் அதைப் பெற வேண்டும்.

இரண்டுக்கும் வேர், 'உணர்தல்' எனப் பொருள்படும் லத்தீன் சொல்லான 'சென்டீரே'. ஆய்வுச் சட்டத்துக்குள் இவை வந்ததற்குப் பின்னால் ஒரு கொடுமை இருக்கிறது. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிஃபிலிஸ் நோய் கண்ட சுமார் 400 கறுப்பின ஆண்களை உரிய சிகிச்சை தராமல் வெறுமனே கவனித்துக்கொண்டிருந்தார்கள். அது வெளியே தெரிந்த பிறகுதான் 1974இல் தேசிய ஆராய்ச்சிச் சட்டம் வந்தது.

மருத்துவத்துக்காகப் பிறந்த, குழுவிடம் முன்கூட்டியே அனுமதி பெறும் அந்த ஏற்பாடு வகுப்பறைக்கும் வந்தது. அமெரிக்க விதிப்படி, பொதுமைப்படுத்தத்தக்க அறிவைத் தரும் நோக்கில் முறையாகச் செய்வதே 'ஆராய்ச்சி'. ஓர் ஆசிரியை இரண்டு விதமாகப் பின்னம் கற்பித்து எது எடுபடுகிறது என்று பார்த்தால் அது பாடம். அதையே எல்லோருக்கும் பொதுவான முடிவாக வெளியிடும் நோக்கில் தொடங்கினால் ஆராய்ச்சி. வேலையை முடித்துவிட்டு அப்புறம் அனுமதி கேட்டால் குழுக்கள் பொதுவாகத் தருவதில்லை. கேள்விகளை முன்கூட்டியே அச்சடித்துக் காட்டும் ஆய்வு எளிதாகத் தேறிவிடுகிறது. வகுப்பில் உட்கார்ந்து, பிள்ளைகள் பேசப்பேசக் கேள்வியை மாற்றிக்கொள்ளும் ஆய்வுதான் திணறுகிறது. இது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

ஆனாலும் குழு கேட்கும் ஒரு கேள்வி மிகச் சரியானது: மதிப்பெண் போடுகிறவரே கேட்டால் பிள்ளை எப்படி மறுக்கும்? ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் "பேசுறியாம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். பதிலுக்கு முன் அதன் கண் டீச்சர் முகத்துக்குப் போகும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? கன்சென்டுக்கு 'ஒப்புதல்' பொருந்தும்; ஒப்புதல் வாக்குமூலம், ஒப்புதல் கடிதம் என்று சட்ட வாடை ஏற்கெனவே அதில் உண்டு. அசென்டுக்குச் சிலர் எழுதும் 'இணக்கம்' வேண்டாம். பிள்ளையை இணங்க வைக்கலாம். நாம் அஞ்சுவதே அதைத்தான். 'இசைவு' நல்ல சொல். இசைதல் என்றால் பொருந்துதல், மனம் ஒத்துவருதல். அதைப் பிள்ளைக்காக வேறொருவர் செய்ய முடியாது.

படிவத்தில் இப்படி எழுதலாம்: "அம்மா ஒப்புதல் தந்திருக்கிறார். உனக்கு இசைவா? வேண்டாம் என்றால் விளையாடப் போகலாம். டீச்சர் கோபப்பட மாட்டார்."