ஜவ்வரிசியா, சவ்வரிசியா?

பாயசத்திலும் வடகத்திலும் நாம் சேர்க்கும் வெண்ணிற மணிகளைத் தமிழ்நாட்டுக் கடைகளில் ஜவ்வரிசி என்றும், ஈழத்தில் சவ்வரிசி என்றும் சொல்கிறார்கள். ஜாவாத் தீவிலிருந்து வந்ததால் 'ஜாவா அரிசி' ஜவ்வரிசி ஆயிற்று என்னும் விளக்கம் பரவலாக வழங்குகிறது. கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அண்டை மொழிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அது நிற்பதாகத் தெரியவில்லை.

தெலுங்கர் இதனைச் சக்குபிய்யம் என்கின்றனர்; பிய்யம் என்றால் அரிசி. கன்னடத்தில் இது சப்பக்கி. அக்கி என்பதும் அரிசியே. இந்தியில் சாபூதானா, தானா என்றால் மணி. இவற்றின் முற்பகுதிகளான சக்கு, சப்பு, சாபூ ஆகியவற்றையும் நம் சவ்வையும் ஒரே வேருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது சாகு என்னும் மலாய்ச் சொல்லே ஆகும். ஆங்கிலத்தின் சேகோவும் அதன் வழியே வந்தது. தெலுங்கில் இன்றும் நிற்கும் ககரத்தை ஜாவா என்னும் தீவின் பெயரிலிருந்து வருவிக்க வழியில்லை. ஆகவே சகரத்தில் தொடங்கும் சவ்வரிசியே வேரோடு பொருந்துவதும் தமிழ் மரபுக்கு ஏற்றதும் என்பது என் கருத்து.

பிற்பகுதியான அரிசி என்பதைப் பிழை எனக் கொள்ள வேண்டியதில்லை. மூங்கிலரிசி, ஏலவரிசி, வெட்பாலையரிசி என நெல்லல்லாத சிறுமணிகளையும் தமிழ் அரிசி என்றே அழைத்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், தானியம் அன்று என்பதற்காகவே வடநாட்டார் விரத நாளில் சாபூதானாக் கிச்சடி உண்கிறார்கள்; நாமோ அதற்கு அரிசி என்றே பெயரிட்டிருக்கிறோம்.

மலாய் மக்கள் சாகு என்றது ஒரு பனையின் மாவை. நியூகினியிலும் இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளிலும் சதுப்பு நிலத்தில் வளரும் அந்தப் பனையைப் பூக்கும் முன் வெட்டுகிறார்கள். பூத்துக் காய்த்துவிட்டால் அடிமரத்தில் சேர்ந்திருந்த மாவெல்லாம் கரைந்துபோகும். மரத்தைப் பிளந்து, உள்ளிருக்கும் மென்மையான சோற்றுப்பகுதியைச் சுரண்டி, நீர்விட்டுப் பிசைந்து வடித்தால் மாவு அடியில் தங்கும். அதில் வெந்நீர் ஊற்றிக் கிளறிய பப்பேடா என்னும் பசைபோன்ற களியை இரண்டு குச்சிகளால் சுழற்றி எடுத்து, மஞ்சள் சேர்த்த மீன்குழம்போடு, மெல்லாமல் விழுங்குகிறார்கள்.

நம் கடைகளில் கிடைப்பது இந்தப் பனையின் மாவு அன்று. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் 1942-இல் மலாயாவையும் சிங்கப்பூரையும் கைப்பற்றியபின் அங்கிருந்து வந்த சரக்கு நின்றுபோக, சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து மணி செய்யும் தொழில் வேரூன்றியது. தோல் சீவிய கிழங்கை அரைத்து, பாலை வடிகட்டித் தொட்டியில் தெளியவிட்டு, அடியில் படிந்த மாவை ஈரம் குறையாமல் துணியில் இட்டுக் குலுக்கினால் மணி மணியாகத் திரளும். அதைச் சலித்து, வறுத்து, வெயிலில் காயவைக்கிறார்கள். பால் எடுத்தபின் எஞ்சும் சக்கைக்கு அங்கே திப்பி என்று பெயர்; அது மாட்டுத் தீவனமாகிறது. சேலத்து ஜவ்வரிசி 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது.

மரவள்ளியும் நம் மண்ணுக்கு உரியதன்று, தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. அங்குள்ள துப்பி மொழியில் கிழங்குப் பாலின் அடியில் படியும் மாவைக் குறித்த சொல்லே டேப்பியோக்கா ஆயிற்று. கசப்பு வகைக் கிழங்கில் நஞ்சு உண்டு என்பதால், துருவிய கிழங்கை நீண்ட பின்னல் குழாயில் அடைத்து இழுத்துச் சாற்றைப் பிழிந்து நீக்குவது அமேசான் மக்களின் வழக்கம். மாவுக்கு ஏற்பட்ட அந்தப் பெயரைக் கேரளத்தில் முழுக் கிழங்குக்கே வைத்துவிட்டார்கள். தமிழில் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை: கிழங்குக்கு மரவள்ளி, குச்சிக்கிழங்கு, குமரி மாவட்டத்தில் மரச்சீனி, மாவுக்கு மரவள்ளி மாவு, மணிக்குச் சவ்வரிசி. மூலத்தைப் பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் மரவள்ளிச் சவ்வரிசி, பனைச் சவ்வரிசி என்று எழுதலாம்.