பட்டர்வொர்த்திலிருந்து ஈப்போவா, கோலாலம்பூரா? ஓப்பன் டிடிடியின் தூரக் கணக்கு

போக்குவரத்து நிறுவனம் நடத்தும் ஓப்பன் டிடிடி என்ற கணினி விளையாட்டில் தீபகற்ப மலேசியாவின் வரைபடத்தை ஏற்றி, பட்டர்வொர்த்திலிருந்து பயணிகள் ரயில் விட்டிருக்கிறார் ஒரு வாசகர். ஈப்போவோடு நிறுத்துவதா, கோலாலம்பூர் வரை இழுப்பதா என்று கேட்கிறார். கோலாலம்பூர் போனால் ஒரு நடைக்குப் பணம் கொட்டுகிறது. ஆண்டுக் கணக்கில் லாபம் இறங்குகிறது.

சரக்கின் (இங்கே பயணிகளின்) அளவு, அதன் விலை, தூரம், நேரக் காரணி ஆகிய நான்கையும் பெருக்கினால் கூலி. தூரம் என்பது இரு நிலையங்களுக்கும் நடுவே வரைபடத்தின் இரு அச்சுகளிலும் உள்ள கட்டங்களின் கூட்டல். தைப்பிங், கோலகங்சார் என்று பாதை எப்படி வளைந்தாலும் வளைவுக்குக் காசு கிடையாது. இரு அச்சிலும் நூறு நூறு கட்டம் தள்ளி நிலையம் இருந்தால் 200 கட்டத்துக்குக் கூலி. மூலைவாக்கில் போட்ட தண்டவாளமோ ஏறத்தாழ 141 கட்ட நீளம்தான். இந்த ஆதாயத்தை விட்டுவிடாதீர்கள்.

நேரக் காரணிதான் இதில் அழகான பகுதி. அது 255இல் தொடங்குகிறது. பயணிகளுக்கு விளையாட்டின் ஒவ்வொரு இரண்டரை நாளுக்கும் ஒரு புள்ளி குறையும். 60 நாள் தாண்டினால் இரண்டிரண்டாகக் குறையும். ஆக தூரம் கூலியை ஏற்ற, அதே தூரம் எடுக்கும் நாள்கள் அதை இறக்குகின்றன. இரண்டையும் பெருக்கிப் பார்த்தால், ஒரு நடையின் கூலி 174 நாள் பயணம் வரை ஏறிக்கொண்டே போகிறது. வாசகரை ஏமாற்றியது இந்த ஏற்றம்தான். பார்க்க வேண்டியது ஒரு நாளுக்கான வருமானம்.

போய்வரும் ஒரு சுற்றில் ஏற்றி இறக்க மொத்தம் 20 நாள் நிற்கிறது என்று கொள்வோம். ஒரு வழிக்கு 60 நாள் எடுக்கும் ரயிலின் நாள் வருமானத்தை 100 என்றால், 10 நாள் ரயிலுக்கு 63, 20 நாளுக்கு 83, 30 நாளுக்கு 92. 10 நாள் பாதையில் ரயில் பாதி நேரம் நின்றே கழிக்கிறது, அதனால் நட்டம். மறுபக்கம் 120 நாளுக்கு 85. அந்த 174 நாளுக்கு வெறும் 67. உச்சம் சரியாக 60இல், வீழ்ச்சி இரட்டிப்பாகும் அந்த முனையில் நிற்கிறது. நிற்கும் நேரத்தை இரட்டித்தாலும் உச்சம் 66 நாளுக்குத்தான் நகர்கிறது. பாதியாகக் குறைத்தால் 52.

அதனால் சிறந்த தூரம் என்று ஓர் எண் கிடையாது, சிறந்த நாள்தான் உண்டு. மணிக்கு 100 கிலோமீட்டர் ரயில் 10 கட்டத்தை ஏறத்தாழ 2.8 நாளில் கடக்கும். 60 நாளுக்குச் சுமார் 214 கட்டம். 200 கிலோமீட்டர் எஞ்சின் வந்ததும் அது இரட்டிக்கும். பழைய எஞ்சினுக்கு ஈப்போ, புதியதற்குக் கோலாலம்பூர் என்று ஆவது இப்படித்தான். மலேசியப் பள்ளிகளில் படிவம் நான்கில் வரும் இருபடிச் சார்பை மாணவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் எனக்குத் தெரியாது. விளையாட்டும் இலவசம். பள்ளிகள் கணினி அறையில் இதைத் தாராளமாக ஏற்றலாம்.

பலர் தவறும் இடம் முழுச்சுமை ஆணை, அதாவது நிரம்பும் வரை ரயிலை நிலையத்தில் நிற்க வைக்கும் கட்டளை. பயணிகள் நடைமேடையில் காத்திருக்கும் நேரம் கூலியைக் குறைக்காது. ஆனால் முதலில் ஏறியவருக்கு, ரயில் நிற்கும்போதே நாள் கணக்கு ஓடத் தொடங்கிவிடும். பயணிகள் ரயிலில் அந்த ஆணையை எடுத்துவிடுங்கள். நிலக்கரிக்கு வைத்துக்கொள்ளலாம்: முதல் பதினேழரை நாளுக்கு அதில் கழிவே இல்லை, பிறகும் ஒவ்வொரு புள்ளியாகவே குறைகிறது. அதே 20 நாள் நிறுத்தத்துக்கு அதன் உச்சம் சுமார் 71.5 நாள். 100 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 255 கட்டம்.